ஆயாத மீனும் மேல்மாடி விருந்தாளியும்

786

பரங்கிப்பேட்டை,
ஞாயிறு, அஸருக்கு முன்.

என் மனைவியின் ஒரே தம்பியும், சென்னை மண்ணடியில் பிளாஸ்டிக் வாளி மொத்த வியாபாரம் செய்பவரும், ஒன்பது நாளாக என் எண்ணை ப்ளாக் செய்து வைத்திருப்பவருமான மச்சான் ரஃபீக் அவர்களுக்கு, முஹம்மது இஸ்மாயில் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் உடல் நலத்துக்கும், வியாபாரத்தின் பரக்கத்துக்கும், உங்கள் மாமியாரின் முழங்கால் வலிக்கும் (போவதற்காகத்தான்) ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். நான் நலமா என்பதைக் கடிதத்தின் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இதைத் தபாலில் அனுப்பக் காரணம் உண்டு. இந்தக் காலத்தில் ப்ளாக் செய்ய முடியாத ஆள் தபால்காரர் ஒருவர்தான்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். என் வீட்டில், மன்னிக்கவும், உங்கள் வாப்பா உங்கள் லாத்தாவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்து நாற்பது வருடமாக நான் மாப்பிள்ளையாக இருந்து வருகிற வீட்டில், மேல்மாடிக் குளியலறையில் பதினாறு நாள் தங்கியிருந்தது ஒரு கடல் பறவை. ஊர் சொல்வது போல் ஒரு பெண்பிள்ளை அல்ல. இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு ஷார்ஜாவுக்குப் போன் போட்டு உங்கள் லாத்தா நஸீமாவுக்கு ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் என் போனை எடுப்பதில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

நடந்தது இதுதான். போன மாதம் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் கரை கடக்கிறேன் என்று மூன்று நாள் பயமுறுத்திவிட்டு வேறு பக்கம் போன புயல் உங்களுக்கு நினைவிருக்கும். அது போன மறுநாள் காலை, தண்ணீர்த் தொட்டி மூடி பறந்துவிட்டதா என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினேன். தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ வெள்ளை வேட்டியைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போனதும் வேட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆள் நல்ல பெரிய ஆள் மச்சான். இறக்கையை விரித்தால் என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் அலகு, அலகைச் சுற்றி மூஞ்சியில் மட்டும் கரி பூசியது போல் ஒரு கறுப்பு. மூக்கில் துவாரமே கிடையாது. எதனால் மூச்சு விடுகிறது என்று குனிந்து பார்த்தபோது என் கட்டைவிரலைக் கடித்தது. மகள் ஷமீனா அனுப்பிக் கொடுத்த போனில் படம் எடுத்துக் காட்டினால் பொருளின் பேரைச் சொல்லும் என்றார்கள். முதல் படத்துக்கு வாத்து என்றது, இரண்டாவதுக்குக் கடற்காகம் என்றது, மூன்றாவதுக்குக் குளியல் துண்டு என்றது.

நான் தம்மாமில் முப்பத்தொரு வருடம் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பேர் இல்லாத ஒரு பொருளை நான் உள்ளே விட்டதும் இல்லை, வெளியே விட்டதும் இல்லை. நஸீமா போன பிறகு சமையல்கட்டில் இருந்த பதினாலு டப்பாவுக்கும் லேபிள் ஒட்டினேன். பதிமூன்றை முகர்ந்தும் நக்கியும் கண்டுபிடித்துவிட்டேன். பதினாலாவதில் செம்மண் நிறத்தில் ஒரு பொடி, அவள் கையால் அரைத்தது, எதற்கு என்று தெரியவில்லை. அதற்கு "தெரியாது" என்றே லேபிள் ஒட்டியிருக்கிறேன். ஆகவே விருந்தாளியையும் அதன் முறைப்படி குளியலறைக்குள் சேர்த்துக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன். பொருள்: பறவை, பெரியது. எண்ணிக்கை: ஒன்று. இனம்: தெரியாது. ஆணா பெண்ணா: தெரியாது.

அன்றைக்கே நஸீமாவுக்குப் போன் செய்தேன். இதையும் அவளிடம் சொல்லுங்கள், முதல் நாளே செய்தேன். பேரனின் ப்ளே ஸ்கூல் வேன் வந்துவிட்டது, ஒரு கால் சாக்ஸ் காணோம், "சாப்ட்டீங்களா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவில்லை. மகளுக்குப் பிரசவம், மூன்று மாதம் என்று போனவள். பிறகு ஷமீனாவுக்கு வேலை கிடைத்தது, பிறகு இரண்டாவது பிரசவம், இப்போது இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. நானும் போயிருக்கலாம். ஆனால் தம்மாமிலிருந்து கடைசியாகக் கிளம்பிய அன்று, இனி என் ஜனாஸாகூட இந்தப் பாலைவனத்துப் பக்கம் வராது என்று பதினைந்து பேருக்கு முன்னால் விமான நிலையத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன். அந்தப் பதினைந்து பேருக்கும் அது மறந்திருக்கும். எனக்குத்தான் மறக்கவில்லை.

இப்போது வதந்தி எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற கொளஞ்சியம்மாளை உங்களுக்குத் தெரியும். தனியாக இருக்கிற ஆம்பிளைக்கு அவள் மீனை ஆய்ந்து, செதில் எடுத்து, குடல் எடுத்து, துண்டு போட்டுத்தான் கொடுப்பாள். இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை கால் கிலோ, ஆய்ந்து வாங்கியவன் நான். பறவை வந்த அன்றைக்கு ஒரு கிலோ கவளை கேட்டேன். அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தவளிடம், ஆய வேண்டாம், அப்படியே கொடு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வூட்டுக்கு யாரு வந்துருக்காங்க பாய்?"

பறவை என்று சொன்னால் தெருவே மாடிக்கு ஏறும், அந்த ஜீவன் பயத்திலேயே செத்துப்போகும். அதனால் விருந்தாளி என்று மட்டும் சொன்னேன். மறுநாளும் ஒரு கிலோ, ஆயாமல். அதற்கு மறுநாளும் ஒரு கிலோ, ஆயாமல். யோசித்துப் பாருங்கள் மச்சான், ஒரு குற்றமும் செய்யாமல் நான் மாட்டிக்கொண்ட இடம் அதுதான். கொளஞ்சியம்மாள் கணக்குப்படி உலகத்தில் முழு மீனை வீட்டுக்குள் கொண்டுபோகிறவன் ஒன்று பூனை வளர்க்க வேண்டும், அல்லது அவன் அடுப்படியில் மீன் ஆயத் தெரிந்த ஒரு பொம்பளை நிற்க வேண்டும். எனக்குப் பூனை கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

வதந்திக்குக் கை முளைத்தது இப்படி. கால் முளைத்ததற்கு நானே காரணம். பறவையைத் துடைக்க மெல்லிய துணி வேண்டியிருந்தது. பீரோவில் இருந்த, நஸீமா வெளியே போகும்போது போர்த்துகிற பழைய வெள்ளைத் துப்பட்டிதான் கையில் அகப்பட்டது. துடைத்துவிட்டு, அலசி, மொட்டைமாடிக் கொடியில் காயப் போட்டேன். தினமும் போட்டேன். வீட்டுப் பெண் ஷார்ஜாவில் இருக்கிறாள், கொடியில் தினம் ஒரு துப்பட்டி காய்கிறது. எதிர்வீட்டு ஜன்னல் சும்மா இருக்குமா?

ஐந்தாம் நாள் எழிலரசி வந்தாள். காடாம்புலியூர்ப் பெண், இங்கே கடல் படிப்பில் ஆராய்ச்சி செய்கிறாள். வனத்துறைக்கு நான் போன் செய்ததில், அவர்கள் வந்து பார்த்து, உடம்பு தேறும் வரை இடம் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். தினம் காலை ஸ்கூட்டியில் வருவாள். வெள்ளைக் கோட்டு, கையுறை, தொங்கவிட்டு எடை பார்க்கிற தராசு, ஒரு நோட்டு. வந்ததும் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடை போட்டுவிட்டு, இறங்கி வரும்போது வாசலில் நின்று, "இன்னிக்கு அம்பது கிராம் ஏறியிருக்கு அங்கிள், பயப்படத் தேவையில்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவாள். அவள் குரலே சத்தம், முந்திரித் தோப்பில் வளர்ந்த பெண். இதற்குத் தெரு என்ன அர்த்தம் செய்தது என்பதை நான் எழுத மாட்டேன். உங்கள் காதுக்கு வந்த பதிப்பில் எத்தனையாவது மாதம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனத்தைக் கண்டுபிடிப்பதற்கு அந்தப் பெண் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். அலகை அளந்தாள், காலை அளந்தாள், இறக்கையை விரித்து என்னைப் பிடிக்கச் சொல்லி அளந்தாள். இங்கிலீஷில் பூபி என்று ஒரு குடும்பம் இருக்கிறதாம். அதில் இது மாஸ்க்டு பூபி, முகமூடி போட்ட வகை என்றாள். தமிழில் என்ன என்று கேட்டேன். குப்பத்துக்குக் குப்பம் ஒரு பேர் சொல்கிறார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்ட பேர் ஒன்றும் இல்லை என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இவ்வளவு பெரிய உருப்படி, ஒட்டுவதற்கு ஒரு லேபிள் இல்லை. சரி, இங்கிலீஷ் பேரையாவது எழுதிக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தால், கொஞ்சம் பொறுங்கள், இதே மாதிரி இன்னொன்று இருக்கிறது, இதற்கு அலகு மஞ்சள், அதற்கு ஆரஞ்சு, அது உலகத்தின் அந்தக் கோடியில் இருப்பது, இங்கே வர வழியில்லை, இருந்தாலும் பறவை தெரிந்த நான்கு பேரிடம் கேட்டுவிடுகிறேன் என்று படங்களை அனுப்பினாள். நான்கு பேரும் வாட்ஸ்அப் குழுவில் ஆறு நாள் சண்டை போட்டார்கள். பாத்ரூம் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் எது ஆரஞ்சு எது என்று அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. கடைசியில் நான் அதை மாடியில் வெயிலில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரு கமலா ஆரஞ்சையும் வைத்துப் படம் எடுத்தேன். கிடங்கில் பெயிண்ட் டப்பாவுக்கு நாங்கள் செய்கிற முறை. உடனே நால்வரும் அடங்கிவிட்டார்கள். மாஸ்க்டு பூபி என்று முடிவானது. எழிலரசி அன்றைக்கு வீட்டிலிருந்து வந்த முந்திரி ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

அப்போது ஒன்று கேட்டேன். இவ்வளவு ஒத்துப்போகிற இரண்டை ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள் என்று.

"முன்ன ஒண்ணாத்தான் அங்கிள் வச்சிருந்தாங்க. இப்பத்தான் பிரிச்சாங்க. அது அந்தத் தீவுல, இது இந்தத் தீவுலன்னு ரொம்ப காலம் தனித்தனியா இருந்துட்டா வேற வேற இனமா ஆயிடும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

மச்சான், அவள் போன பிறகு நான் குளியலறை வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடக் கல்யாணத்தில் முப்பத்தொரு வருடம் நான் அந்தக் கரை, அவள் இந்தக் கரை. இப்போது இரண்டு வருடம் நாலு மாதமாக அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. நடுவில் சேர்ந்திருந்த காலத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்தக் கணக்கில் நானும் அவளும் இன்னும் ஒரே இனம்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை. பறவையைப் பார்த்தேன். அது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நினைவு வந்தது. தொண்ணூற்றாறில் நஸீமா எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதியிருந்தாள். கொல்லையில் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது என்று. எந்தக் குட்டிக்கு எந்த இடத்தில் மச்சம், எது முதலில் கண் திறந்தது, எது அவள் காலடியிலேயே தூங்குகிறது, எல்லாம் எழுதியிருந்தாள். நான் ஒரு வரி பதில் போட்டேன். பூனையைத் துரத்திவிடு, காம்பவுண்டு சுவர் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கேட்டு. அவள் அதற்குப் பிறகு சுவரைப் பற்றித்தான் எழுதினாள். ஒரு மனுஷி பூனைக்கு நாலு பக்கம் எதற்காக எழுதினாள் என்று இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிகிறது. நீங்களே பாருங்கள், பறவைக்கு நான் எத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதைக்கு வருகிறேன். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, நீங்கள் போன் செய்தீர்கள். "எங்க லாத்தா வீட்ல வச்சா இந்த அசிங்கத்தப் பண்ணுவீங்க" என்று கேட்டீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் போன வருடம் உங்கள் செலவில் போட்டுக் கொடுத்த குளியலறை டைல்ஸைச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். பறவை எச்சம் அப்படி. அதனால்தான், "மன்னிச்சுக்குங்க மச்சான், அது போனதுக்கு அப்பறம் ஆசிட் ஊத்திக் கழுவிடுறேன்" என்றேன். நீங்கள் ஏன் அலறினீர்கள் என்று இப்போது புரிகிறது.

மறுநாள் நம் ஜமாஅத் செயலாளர் அஸ்மத், கூட இரண்டு பேரோடு வந்தார். விஷயம் பரவிவிட்டது, பறவையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷமாக டீ போட்டேன். மேலே வாருங்கள் என்று கூப்பிட்டேன். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம், இங்கேயே இருக்கிறோம் என்றார்கள். அந்நியப் பெண் இருக்கிற இடத்துக்கு எப்படி ஏறுவது என்ற மரியாதை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? அஸ்மத் நோட்டை விரித்து, பேர் என்ன என்று கேட்டார். நேற்றுத்தான் முடிவானது, அதுவரை இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றேன். எந்த ஊர் என்றார். நிக்கோபாருக்குத் தெற்கே ஏதோ தீவாக இருக்கும், புயலில் அடித்துக்கொண்டு வந்துவிட்டது என்றேன். எத்தனை நாள் வைத்திருப்பதாக உத்தேசம் என்றார். எடை தேறுகிற வரைக்கும், பிறகு கடலில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். கூட வந்த இருவரில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இஸ்மாயில் நானா, அல்லாவுக்காக நிக்காஹாவது செஞ்சிருங்க" என்றார் அஸ்மத்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று மேலே ஓடி, துப்பட்டியிலேயே சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்ததும் மூவரும் அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் அஸ்மத் முன்னால் போய் நின்று, பாருங்கள் தம்பி என்றேன். அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பறவை தலையை வெளியே நீட்டியது. பயந்தால் தின்றதைக் கக்கிவிடும் என்று எழிலரசி சொல்லியிருந்தது எனக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. ஆறு கவளை மீனும் அஸ்மத்தின் வெள்ளைச் சட்டையில் விழுந்தன.

அதோடு விசாரணை முடிந்து மார்க்க விசாரம் தொடங்கிவிட்டது. இதைச் சாப்பிடக் கூடுமா கூடாதா என்று ஒருவர் கேட்டார். மீன் தின்பதால் மீனோடு சேர்த்தி என்று ஒருவர், நகத்தால் பிடிக்கிறதா என்று காலைப் பார்க்க வேண்டும் என்று இன்னொருவர். வாத்துக் கால்தான், பிடிப்பதெல்லாம் அலகால் என்று நான் விளக்கினேன். யாரும் இதை அறுக்கப்போவதில்லை, அறுத்தால் வனத்துறை நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார்கள். ஆனால் வெளியே போய் மூவரும் வாயே திறக்கவில்லை. செயலாளர் மேல் பறவை வாந்தி எடுத்தது என்று எப்படிச் சொல்வது? ஊர் என்ன நினைத்தது தெரியுமா? ஜமாஅத்தே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, சட்டையை அலசிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டது, அப்படியானால் விஷயம் சொன்னதற்கு மேல் என்று.

உடனே ஷார்ஜாவுக்குப் போன் செய்தேன். ஷமீனா எடுத்தாள், உம்மா தூங்குகிறார்கள் என்றாள். அங்கே அப்போது பகல் பதினொரு மணி. பறவையின் படத்தை அனுப்பினேன், எலுமிச்சம்பழத்தோடு. "பேச்ச மாத்தாதீங்க வாப்பா" என்று பதில் வந்தது.

போன வியாழன் காலை எடை சரியாக வந்துவிட்டது. எழிலரசி அன்னங்கோயிலில் ஒரு ஃபைபர் படகு ஏற்பாடு செய்திருந்தாள். நானும் போனேன். கூடையை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். முகத்துவாரம் தாண்டி நல்ல காற்று வந்ததும் மூடியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் கூடை விளிம்பில் நின்று தண்ணீரையே பார்த்தது. பிறகு காற்றுக்கு எதிராக இறக்கையை விரித்தது, அவ்வளவுதான், எங்கள் தலைக்கு மேலே இருந்தது. பதினாறு நாளில் ஒரு சத்தம் போடாத பறவை, ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பழைய டவுன்பஸ் ஹாரன் மாதிரி ஒரு குரல் கொடுத்தது. எழிலரசி படகிலேயே குதித்தாள்.

"பொண்ணு அங்கிள்! ஆணா இருந்தா விசில் அடிக்கும். ஆரன் மாதிரி கத்துனா பொண்ணு!"

நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆகவே மச்சான், உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. பதினாறு நாள் என்னோடு இருந்தது பெண்தான். ஊர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் உண்மை.

மறுநாள் காலை கொளஞ்சியம்மாள் கூடையை இறக்கியதும் பழக்கதோஷத்தில் ஒரு கிலோ கவளை, ஆயாமல், வாங்கிவிட்டேன். உள்ளே வந்து தட்டில் கொட்டிய பிறகுதான் நினைவு வந்தது. திருப்பிக் கொடுக்க வெட்கம். நாமே ஆய்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது, தலையிலா வாலிலா என்று தெரியவில்லை மச்சான். அறுபத்தாறு வயது, பன்னிரண்டாயிரம் உதிரிபாகத்துக்கு நம்பர் தெரியும், ஒரு மீனை ஆயத் தெரியாது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அழுதேன். இதை மட்டும் நஸீமாவுக்கு வாசிக்க வேண்டாம். இல்லை, வாசியுங்கள்.

குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டேன், உங்கள் டைல்ஸ் பழையபடி இருக்கிறது. கதவில் ஒட்டிய சீட்டை மட்டும் கிழிக்கவில்லை. அதில் இனம், பெண் என்று இரண்டையும் பூர்த்தி செய்து, எண்ணிக்கை: பூஜ்யம் என்று திருத்தியிருக்கிறேன். நான் நிரபராதி என்பதற்கு எழிலரசியின் நோட்டு, அஸ்மத்தின் சட்டை, எலுமிச்சம்பழப் படம் மூன்றும் சாட்சி. தயவு செய்து இன்றே லாத்தாவிடம் சொல்லி என் பேரைக் காப்பாற்றுங்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், பிள்ளைகளுக்கு என் துஆவும். உங்கள் வாளிகள் ஓட்டையில்லாமல் விற்கட்டும். அல்லாஹ் நம் எல்லோரையும் அவரவர் வீட்டில் அவரவர் மனுஷரோடு வைத்திருக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
நாற்பது வருட மாப்பிள்ளை,
மு. முஹம்மது இஸ்மாயில்.

பின்குறிப்பு (திங்கள் காலை, உறை ஒட்டுவதற்கு முன்): மேலே எழுதியது எதையும் லாத்தாவிடம் வாசிக்க வேண்டாம். ஒரு வரிகூட. இப்போதுதான் அவளே போன் செய்தாள். "வெள்ளிக்கெழம வரேன். டிக்கெட் போட்டாச்சு. என் அடுப்படியில யாரு நிக்கிறான்னு நா பாக்கணும்" என்றாள். போனை வைப்பதற்கு முன்னால், வந்தவளுக்கு மீன் நன்றாக ஆய வருமா என்று கேட்டாள். நன்றாக வரும் என்று சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், ஆனால் நீங்களும் என்னைத் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பது தாங்கவில்லை, அதனால் உங்கள் கண்ணுக்கு மட்டும். விமான நிலையத்துக்கு அவளைக் கூப்பிட நீங்கள்தான் போவீர்கள். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் எண்ணையும் வெள்ளிக்கிழமை வரை ப்ளாக்கிலேயே வைத்திருங்கள், எடுத்துவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும். கொடியில் துப்பட்டியை நனைத்துக் காயப் போட்டிருக்கிறேன். கொளஞ்சியம்மாளிடம் இன்றைக்கும் ஒரு கிலோ வாங்கினேன், ஆயாமல். ஃப்ரிட்ஜில் இனி இடமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் சமாளித்துவிடுவேன்.